பக்கமில்லாத கட்டை

ஏழு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் என் மகளிடம் நான் சொல்லிவந்த இரண்டு சொற்கள் இவை: "தோளை மாற்றாதே." ஏர் ரைஃபிளைத் தூக்கும்போது அவள் உடம்பு ஒரு கணம் தயங்கும். கட்டையின், அதாவது துப்பாக்கியைத் தோளில் தாங்கும் மரப்பகுதியின், பின்பகுதி நடுமார்புக்கு நேரே வந்து நிற்கும். இடமா வலமா என்று முடிவாகாத அந்த நொடியில் நான் பின்னாலிருந்து குரல் கொடுப்பேன். அவளும் வலத்தோளில் பொருத்திக்கொள்வாள், சுடுவாள். டார்கெட் கார்டு கம்பியில் ஊர்ந்து திரும்பி வரும்போது, பெல்லட் என்ற சிறு குண்டுகள் போட்ட துளைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடக்கும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஓராண்டாக நினைத்துத் தள்ளிப்போட்டுவந்தேன். போன மாதம் அவள் பயிலும் துப்பாக்கிசுடும் கிளப்பில் பெற்றோர் கூட்டம். சிறுவர்களுக்குப் புதிய துப்பாக்கிகள் வாங்கப்போகிறார்கள், எந்தக் கட்டையோடு வாங்குவது, வலத்தோளுக்கென்று செதுக்கிய வலக்கைக் கட்டையா, எந்தத் தோளிலும் வைக்கக்கூடிய இருகைக் கட்டையா என்று பேச்சு வந்தது. "இருகைக் கட்டை யாருக்கும் முழுமையாகப் பொருந்தாது. எல்லாப் பிள்ளைகளும் வலக்கைதானே, வலக்கைக் கட்டையே வாங்கிவிடலாம்" என்றார் ஒருவர். பலரும் தலையசைத்தார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மகளுக்குப் பதின்மூன்று வயது நடக்கிறது. நாங்கள் இருப்பது பெங்களூரு லிங்கராஜபுரத்தில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற காணொளியைத் தற்செயலாகப் பார்த்தாள். ஊர்விட்டு ஊர் போன தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி அத்தனை அமைதியாக நின்று சுடுவது அவளைப் பிடித்துக்கொண்டது. விளையாட்டின் அளவுகளைச் சொன்னால் அந்த அமைதி ஏன் வேண்டும் என்பது புரியும். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கின் மொத்த அகலம் 45.5 மில்லிமீட்டர். பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதி வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதைத் தேடிப் போகும் பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். நின்றுகொண்டு, எதன்மீதும் சாயாமல், நாலு கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கியைத் தாங்கி அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். இங்கே கை வலிமைக்குப் பெரிய வேலை இல்லை. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக நிற்க வேண்டும், கண் கஷ்டப்படாமல் பார்க்க வேண்டும். கண் என்ற இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் தவறினோம்.

அவள் வலக்கையால் எழுதுகிறாள், வலக்கையால் சாப்பிடுகிறாள், பந்து எறிவதும் வலக்கையால்தான். சோற்றுக்கை எதுவோ அதுவே எல்லாவற்றுக்கும் கை என்ற எண்ணத்தில் வளர்ந்தவன் நான். எனவே கிளப்பில் சேர்த்த அன்று "வலக்கையா, இடக்கையா?" என்று பயிற்சியாளர் கேட்டபோது யோசிக்காமல் "வலக்கை" என்றேன். அவர் ராணுவத்தில் 24 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். எல்லோரும் அவரைச் சுபேதார் சார் என்றுதான் அழைப்போம். வலக்கைக் கட்டை போட்ட துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வலக்கைக் கட்டை என்றால் என்ன என்பதை அதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கன்னம் வைக்கும் பலகை இடப்பக்கம் புடைத்திருக்கும், ஏனென்றால் வலத்தோளில் வைப்பவரின் வலக்கன்னம் அந்தப் பக்கத்தில்தான் படியும். மறுபக்கம் தட்டையாகச் சீவி விடப்பட்டிருக்கும். கைப்பிடியில் வலது உள்ளங்கையின் குழிவை நிரப்ப ஒரு மேடு. தோளில் பதியும் அடித்தகடு சற்றே வெளிப்பக்கம் விலகியிருக்கும். ஒவ்வொரு வளைவும் இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று விரல் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் மரம் அது. பொருந்துகிறவருக்கு அதைப் போன்ற சுகம் வேறில்லை. பொருந்தாத குழந்தைக்கோ, தவறு தன் உடம்பில்தான் இருக்கிறது என்று தோன்றிவிடும்.

என் மகளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. "புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது அப்பா" என்பாள். நாற்பது குண்டுகளுக்கு 400க்கு 318, 311, 320 என்று அங்கேயே நின்றது கணக்கு. பயிற்சி முடிந்தால் நெற்றிப்பொட்டில் வலி. குறிபார்க்கும் துளையான பீப் சைட்டில் இடக்கண்ணை மறைக்க வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பிளைண்டர் மாட்டினோம். கண் டாக்டரிடம் காட்டினோம், பார்வையில் குறையில்லை என்றார். கவனம் போதவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

சமையலறைக் கடிகாரம்

கிளப் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. நின்று தாங்கும் பயிற்சிக்காகச் சுபேதார் சார் ஒரு வழி சொன்னார். ஒரு மீட்டர் நீளத் தேக்குச் சட்டம் ஒன்றை எடுத்து, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அதில் கட்டித் துப்பாக்கியின் எடைக்குக் கொண்டுவரச் சொன்னார். பழைய கதவு நிலையிலிருந்து கழற்றிய சட்டம் மாடியில் கிடந்தது, அதில் செய்து கொடுத்தேன். கூடத்துச் சுவரில் பொட்டு ஒன்றை ஒட்டி, தினமும் இரவு பத்து நிமிடம் அதைக் குறிபார்த்து நிற்பாள்.

ஒரு புதன்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டம் அவளுடைய இடத்தோளில் இருந்தது. இடக்கன்னம் மரத்தில் பதிந்திருந்தது. வலது முழங்கை இடுப்பெலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. ஏழு மாதங்களில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பாட்டிலுக்குள் இருந்த மணல்கூட அசையவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. "தோளை" என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்தச் சட்டத்தில் கன்னப்பலகை இல்லை, மேடு இல்லை, வலம் இடம் எதுவுமே இல்லை. மரம் எதுவும் சொல்லாதபோது அவள் உடம்பு தானாகவே ஒரு பக்கத்தைத் தேர்ந்திருக்கிறது.

உள்ளே போய்ச் சமையலறையில் நின்று அவளைக் கூப்பிட்டேன். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே சின்னத் துவாரம் விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். இரு கண்களும் திறந்திருக்க வேண்டும். தெரிகிறது என்றாள். இடக்கண்ணை மூடச் சொன்னேன். "கடிகாரம் போய்விட்டது" என்றாள். வலக்கண்ணை மூடச் சொன்னேன். "இருக்கிறது, ஒன்பது நாற்பது" என்றாள். மூன்று முறை செய்து பார்த்தோம். இந்தச் சோதனையைப் பற்றி நான் முன்பே படித்திருக்கிறேன், செய்யத்தான் தோன்றவில்லை. கைக்கு ஒரு பழக்கம் இருப்பதுபோலக் கண்ணுக்கும் உண்டு. இரு கண்களும் பார்த்தாலும் மூளை ஒன்றின் சொல்லைத்தான் முதலில் கேட்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். இடக்கண் முந்துபவர்களோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர். அப்படியென்றால் வலக்கையால் எழுதும் பிள்ளைகளிலும் இடக்கண் பிள்ளைகள் நிறையவே இருக்க வேண்டும். அவர்களைக் குறிக்க நம்மிடம் பழகிய சொல் ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்று சொல்லும் என் அம்மா, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அது துடித்துத் துடித்துச் சொல்லியிருக்கும், நீதான் கேட்கவில்லை" என்றார்.

மறுசனிக்கிழமை சுபேதார் சாரிடம் போய்ச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நாங்கள் எஸ்.எல்.ஆர். என்ற ராணுவத் துப்பாக்கியைப் பிடித்து வளர்ந்தவர்கள். சுட்ட தோட்டாவின் கூடு வலப்பக்கம் தெறிக்கும், கொதிக்கக் கொதிக்க. இடத்தோளில் வைத்தால் அது முகத்துக்குப் பக்கத்தில் பறக்கும். அதனால் எல்லோருக்கும் வலத்தோள்தான், கேள்வியே கிடையாது." சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த ஏர் ரைஃபிளைப் பார்த்தார். "இதில் தெறிக்க என்ன இருக்கிறது? காற்றுதானே." காரணம் போன பிறகும் வழக்கம் மட்டும் தங்கிவிட்டதை, வழக்கத்தைக் காத்தவரே சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை இறக்கினார். அதே மாடல் துப்பாக்கிக்கான இருகைக் கட்டை. யாரோ கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனது, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாதது.

கட்டை மாற்றிய மாலை

துப்பாக்கியின் குண்டறையில் பெல்லட் இல்லை என்று சுபேதார் சார் இருமுறை பார்த்தார். காற்று உருளையைத் திருகிக் கழற்றித் தனியே வைத்தார். துப்பாக்கியைக் கவிழ்த்து, அடியிலுள்ள இரண்டு ஆலன் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் குழலும் டிரிகரும் சேர்ந்த இரும்புப் பகுதி பழைய கட்டையிலிருந்து பிரிந்து வந்தது. பார்ப்பதற்கு இவ்வளவு சிறியதா என்று இருந்தது. துப்பாக்கியென்று நாம் பிடித்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி கட்டைதான். புதிய கட்டையின் பள்ளத்தைப் பிரஷ்ஷால் துடைத்து, இரும்பை உட்காரவைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினார். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் இரும்பு கோணலாக உட்கார்ந்துவிடும், அப்புறம் குறி நாளுக்கொன்றாக நிற்கும் என்றார். உருளையை மாட்டிவிட்டு, "டிக்கெட் இருக்கிறதா பாப்பா?" என்று கேட்டார். வந்த பஸ்ஸின் டிக்கெட்டை அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உருளைக்கும் மரத்துக்கும் நடுவே அந்தத் தாளை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தார். எங்கும் சிக்காமல் ஓடியது. மரம் உருளையைத் தொட்டால், வெயிலுக்கும் ஈரத்துக்கும் மரம் அசையும்போதெல்லாம் குறியும் அசையும்.

அடித்தகட்டை அவள் முழங்கை மடிப்பில் வைத்து, சுட்டுவிரல் டிரிகரைத் தொடும் தூரத்துக்கு நீளத்தைக் குறைத்தார். கைப்பிடியைத் திருகு தளர்த்தி இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். குண்டு போடும் நெம்புகோல் மட்டும் வலப்பக்கமே இருந்தது, அதை மாற்ற வழியில்லை. அது தொல்லையாகும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு, தாங்கும் கையான வலக்கையாலேயே நெம்புகோலை இழுத்துப் பெல்லட்டை வைக்கிறாள். சுடும் இடக்கை கைப்பிடியை விட்டு வரவே வேண்டியதில்லை.

ஆனால் கன்னம் படியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பேசியவர் சொன்னதில் உண்மை உள்ள இடம் இதுதான். இருகைக் கட்டையில் கன்னப்பலகை நட்டநடுவில் இருக்கும். யாருக்கும் சாயாமல் இருப்பதாலேயே அது இருவர் முகத்தையும் சற்று வெளியே தள்ளும். அவள் கண்ணைப் பீப் சைட்டுக்கு நேரே கொண்டுவரக் கழுத்தை மரத்தின்மேல் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்ந்த கழுத்து இருபதாவது குண்டில் நடுங்கத் தொடங்கும். பலகையை முகத்துக்கு எதிர்ப்பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும், அல்லது ஒரு பக்கத்தைத் தேய்க்க வேண்டும்.

பலகையை மட்டும் கழற்றி, அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் தச்சரிடம் எடுத்துப் போனேன். எங்கள் கட்டில், அலமாரி எல்லாம் அவர் கைவேலை. பலகையை முகர்ந்து பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, "நம் பக்கத்து மரம் இல்லை" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அரத்தை எடுத்துக்கொண்டு, "ஐந்து நிமிட வேலை, இந்தப் பக்கத்தை இறக்கிவிடுகிறேன்" என்றார். என் கை அந்தப் பலகையை இழுத்துக்கொண்டதை நானே எதிர்பார்க்கவில்லை. அதே துப்பாக்கியைச் செவ்வாய், வியாழன்களில் வலத்தோளில் வைத்துச் சுடும் பையன் ஒருவன் இருக்கிறான். இவளுக்காகத் தேய்த்தால் அவனுக்குக் கெடும். இவளுக்கு ஏழு மாதம் நடந்ததை அவனுக்கு நானே செய்ததாகிவிடும். "தேய்க்க வேண்டாம் அண்ணா. இரண்டு பேருக்கும் வேண்டும்" என்றேன்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார். பலகையின் அடியைத் திருப்பி, திருகுத் துளைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேக்குத் துண்டு ஒன்றை இழைப்புளியில் இழைத்து, எட்டு மில்லிமீட்டர் கனத்தில் சிறு தகடாக்கினார். அதைப் பலகையின் அடியில் ஒட்டி, வட்டத் துளைகளுக்குப் பதிலாகக் குறுக்குவாட்டில் நீண்ட துளைகளை மெல்லிய உளியால் எடுத்தார். உப்புத்தாளை விரலில் சுற்றித் துளையின் உள்விளிம்பைத் தேய்த்தார். திருகைத் தளர்த்தினால் பலகை இடப்பக்கமும் போகும், வலப்பக்கமும் போகும். நடுவில் நிறுத்தினால் பழையபடி. "இரண்டு பேருக்கும் என்றால் நகர வேண்டும் சார், தேயக்கூடாது" என்றார். கூலியாக இருநூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

எதிரெதிர் முகங்கள்

கட்டை மாறியதும் எண்ணிக்கை ஏறிவிடவில்லை. முதல் ஐந்து பெல்லட்டும் கீழே வலப்புறம், ஐந்தாம் வளையத்துக்கு வெளியே போயின. பீப் சைட்டின் குமிழைச் சொடுக்குச் சொடுக்காகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரவே அரை மணி ஆயிற்று. முதல் மாதம் 301க்கு இறங்கியது. கண் இப்போது சரியான இடத்தில் இருந்தது, ஆனால் டிரிகர் விரல் புதியது. ஏழு மாதம் பழகியது வலது சுட்டுவிரல். இடது சுட்டுவிரல் அழுத்துவதற்குப் பதிலாகப் பறித்தது. பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகும் வசதியை வைத்து, நாளுக்கு நூறு முறை வெறுமனே அழுத்தவைத்தார் சுபேதார் சார். இறங்கிய எண்ணைப் பார்த்து நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை. "தலை வலிக்கவில்லை அப்பா" என்றாள். நான்காம் மாதம் 347.

ஜாக்கெட்டுக்கும் பக்கம் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அடித்தகடு வழுக்காமல் இருக்கத் தோளில் தைக்கும் ரப்பர்த் துணி, கிளப் ஜாக்கெட்டில் வலப்பக்கம்தான் இருந்தது. சிவாஜி நகரில் தோல்பை தைப்பவர் ஒருவர் இடத்தோளிலும் ஒன்று வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் எண்ணிக்கையில் இல்லை. ஷூட்டிங் வரிசையில் வலத்தோளில் வைப்பவர்கள் எல்லோரும் இலக்குக்கு இடப்புறத்தைக் காட்டி, ஒரே பக்கம் முகம் திருப்பி நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் தெரிவது அடுத்தவர் முதுகு. இவள் மட்டும் எதிர்த்திசை பார்த்து நிற்கிறாள். அதனால் இடப்பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்கும் இவளுக்கும் முகம் பார்த்த நிலை. முதல் நாள் பக்கத்துத் தடத்திலிருந்த பெண் துப்பாக்கியைத் தாழ்த்தியதும் இவளும் தாழ்த்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் தூக்கினார்கள். இப்போது அந்தப் பெண்தான் இவளுக்கு நெருங்கிய தோழி.

கூட்டத்தில் பேசியவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உலகத் தரத்தில் சுடுபவருக்கு அவருடைய உடம்புக்கென்றே அமைத்த கட்டை வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் மகள் ஐந்தாண்டு கழித்தும் இதே ஆர்வத்தோடு இருந்தால், கடன் வாங்கியாவது இடக்கைக் கட்டை வாங்கிக் கொடுப்பேன். ஆனால் நாம் பேசுவது பதினொரு வயதில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொடும் பிள்ளைகளைப் பற்றி. எந்தக் கண், எந்தத் தோள் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வலக்கைக் கட்டை வாங்கினால், கேட்பதற்கு முன்பே நாம் பதிலை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நடுவில் நிற்கும் கன்னப்பலகையின் குறையைத் திருகு தளர்த்திச் சரிசெய்யலாம், ஆளுக்கு நான்கு நிமிடம் ஆகும். மற்றக் குறையைச் சரிசெய்ய எங்களுக்கு ஏழு மாதம் போயிற்று. வாங்கும் துப்பாக்கிகளில் பாதியாவது இருகைக் கட்டையோடு இருக்க வேண்டும். சேரும் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் கைத்துவாரத்தின் வழியாகக் கடிகாரத்தைப் பார்க்கவைக்க வேண்டும். இதை எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தப் பையனுக்கும் பயிற்சி இருந்தது, ஆகவே துப்பாக்கி கைமாறியது. கட்டையில் மெல்லிய மார்க்கர் கோடுகள் இருக்கின்றன. சிவப்பு இவளுடையது, நீலம் அவனுடையது. சுட்டு முடித்ததும் உருளையைக் கழற்றிவிட்டு ஆலன் சாவியை எடுத்தாள். கன்னப்பலகையைத் தளர்த்தி மறுபக்கம் தள்ளினாள், கைப்பிடியைத் திருப்பினாள், அடித்தகட்டை நீலக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான். அவள் அவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். "நீ வளர்ந்துவிட்டாய்" என்றாள். அடித்தகட்டை இன்னும் ஆறு மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்கி, நீல மார்க்கர் எங்கே என்று கேட்டாள்.